"மெயின் என்ன?" - இசைக் கல்லூரியில் சேரும் முன் வீட்டில் பேச வேண்டிய விஷயங்கள்!

பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் எல்லா வீடுகளிலும் ஒரே பேச்சுதான். கட் ஆஃப் எவ்வளவு, கவுன்சலிங் எப்போது, எந்த காலேஜ்? அந்த நேரத்தில் ஒரு பிள்ளை, "நான் மியூசிக் படிக்கப் போறேன்" என்று சொன்னால், வீடு ஒரு நிமிடம் கப்சிப் ஆகிவிடும். அடுத்து வரும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றேதான். "பாட்டு கத்துக்கோ, வேணாங்கல... ஆனா, மெயினா எதைப் படிக்கப் போற?"

வேடிக்கை என்னவென்றால், இசைக் கல்லூரியில் சேரப் போனாலும் முதல் கேள்வி அதேதான். "மெயின் என்ன?" வாய்ப்பாட்டா, வீணையா, வயலினா, மிருதங்கமா, நாதஸ்வரமா? அந்த ஒரு கட்டத்தில் எதை டிக் செய்கிறோமோ, அதோடுதான் அடுத்த மூன்று வருடங்கள். பலருக்கு வாழ்க்கை முழுக்க.

சமையலறையில் பாடும் பெண், டேபிளில் தாளம் தட்டிக்கொண்டே இருக்கும் பையன், கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் முன்னாலிருந்து நகராத சிறுவன்... இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்காகவும், அதைப் பார்த்து "இது சரிப்பட்டு வருமா?" என்று யோசிக்கும் பெற்றோருக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

மெயின் என்றால் என்ன?

இசைக் கல்லூரியில் மெயின் என்பது, மாணவர் முதன்மையாகப் பயிலும் குரலோ கருவியோதான். வாய்ப்பாட்டு, வீணை, வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், நாதஸ்வரம், தவில் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். சில இடங்களில் கடம், கஞ்சிரா, மோர்சிங் கூட உண்டு.

மெயினைச் சுற்றித்தான் மற்ற பாடங்கள் இருக்கும். வீணை மெயின் எடுத்தவர் கொஞ்சம் வாய்ப்பாட்டும் படிப்பார். பாட்டு மெயின் எடுத்தவர் துணைப்பாடமாக ஒரு கருவியைத் தொட்டுப் பார்ப்பார். இவற்றுடன் இசையியல் என்ற எழுத்துப் பாடமும் உண்டு. 72 மேளகர்த்தா ராகங்களின் அமைப்பு, தாளங்களின் அங்கங்கள், வாக்கேயக்காரர்களின் வரலாறு, ஒரு பாட்டைக் கேட்டு ஸ்வரப்படுத்தி எழுதுவது எல்லாம் அதில் வரும்.

தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய நான்கு ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. 2013-ல் தொடங்கப்பட்டு, இப்போது தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இயங்கும் பல்கலைக்கழகத்தின் கீழ் இவை வருகின்றன. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத் துறை, சென்னை ராணி மேரிக் கல்லூரி, திருவான்மியூர் கலாக்ஷேத்ரா என்று வேறு இடங்களும் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். எல்லா இடங்களிலும் கிடைப்பது ஒரே சான்றிதழ் அல்ல. சில படிப்புகள் பட்டம், சில படிப்புகள் பட்டயம், அதாவது டிப்ளமோ. கேட்க ஒன்றுபோல இருந்தாலும், பிறகு எம்.ஏ சேரும்போதோ, வேலைக்கு விண்ணப்பிக்கும்போதோ இரண்டும் ஒன்றல்ல. "பட்டமா, பட்டயமா?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

"யார் வீட்டுப் பிள்ளை?"

ஒரு நூற்றாண்டுக்கு முன்பு இசை படிக்க அப்ளிகேஷன் ஃபார்ம் கிடையாது. குருகுலம்தான். குருவின் வீட்டிலேயே தங்க வேண்டும். தண்ணீர் இறைப்பது, கடைக்குப் போவது, கச்சேரிக்கு தம்புராவைச் சுமப்பது என வீட்டு வேலைகளும் சிஷ்யன் தலையில்தான். பாடம் எப்போது நடக்கும் என்பது குருவின் மனநிலையைப் பொறுத்தது. ஆனால் காலை கண் விழிப்பதிலிருந்து இரவு தூங்கும் வரை காதில் இசை விழுந்துகொண்டே இருக்கும். பத்து வருடம் அப்படி இருந்தவனுக்கு, யாரும் சொல்லித் தராத விஷயங்களும் வந்துவிடும்.

சரி, அந்தக் குருவின் வீட்டுக்குள் நுழைவது எப்படி? "யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். சொந்தம், தெரிந்தவர் சிபாரிசு, சாதி எல்லாமே அங்கே பேசும். நாதஸ்வரமும் தவிலும் பெரும்பாலும் அப்பாவிடமிருந்து மகனுக்கும், மாமாவிடமிருந்து மருமகனுக்கும் போகிற சொத்தாக இருந்தன. பெண்களுக்கு அந்த இரண்டு கருவிகளும் எட்டாத தூரத்தில் இருந்தன. மதுரை எம்.எஸ்.பொன்னுத்தாய் நாதஸ்வரம் வாசித்ததும், திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்கம் வாசித்ததும் அந்தக் காலத்தில் ஊரே திரும்பிப் பார்த்த செய்திகள்.

இந்த நிலை மாறத் தொடங்கியது 1920-களின் கடைசியில். 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. இசை ஆசிரியர்களை உருவாக்க அகாடமி 1931-ல் ஒரு கல்லூரியையும் தொடங்கியது. இதற்கிடையே 1929-ல், சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி ஆரம்பித்தார். 1930-களில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இசை ஒரு பாடமாக நுழைந்தது. பேராசிரியர் பி.சாம்பமூர்த்தி எழுதிய இசையியல் நூல்களை இன்றைய மாணவர்களும் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

1949-ல் சென்னையில் அரசே ஒரு கர்னாடக இசைக் கல்லூரியைத் தொடங்கியது. அதன் முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். வீணை தனம்மாளின் பேத்தி டி.பிருந்தாவும் அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தார். ஒரு வீட்டுக்குள் பொத்திப் பொத்திக் காத்த பாடாந்தரம், வகுப்பறையில் பாய் விரித்து உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் கிடைத்தது. அடையாறு ஆற்றங்கரையில், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜேம்ஸ் பிராடி 18-ம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய பிராடி காசில் என்ற பழைய பங்களாதான் பிறகு அந்தக் கல்லூரியின் வீடானது.

கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். சர் பொன்னம்பலம் இராமநாதன் நினைவாக 1960-ல் அங்கே இராமநாதன் இசைக் கல்லூரி தொடங்கப்பட்டது. மகாராஜபுரம் சந்தானம் அங்கே முதல்வராக இருந்திருக்கிறார். 1970-களில் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இன்றும் நுண்கலைப் பட்டதாரிகளை உருவாக்கிவருகிறது.

இந்தக் கல்லூரிகள் செய்த பெரிய காரியம் இதுதான்: அப்ளிகேஷனில் "உங்கள் அப்பா வித்வானா?" என்ற கேள்வியே கிடையாது. வயது, கல்வித் தகுதி, கொஞ்சம் இசை ஞானம் இருந்தால் போதும். பஸ் டிரைவர் மகளும் வீணை மெயின் எடுக்கலாம். தறி ஓட்டுபவர் மகனும் நாதஸ்வரம் மெயின் எடுக்கலாம்.

பத்து வருடப் பாடம் மூன்று வருடத்தில் முடியுமா?

ஆனால், உள்ளே போன பிறகுதான் நிஜமான சவால்.

வித்வான் வீட்டுப் பிள்ளை 18 வயதில் கல்லூரிக்கு வரும்போது, 15 வருடம் இசையைக் கேட்டுவிட்டு வருகிறது. குடும்பத்திலேயே முதல் ஆளாக இசை படிக்க வரும் பிள்ளை, சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், கொஞ்சம் வர்ணம் என்ற மூட்டையோடு வருகிறது. இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே சிலபஸ், ஒரே பரீட்சை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மெயின் பாடத்துக்கு ஒரு நாளைக்கு 2 மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் 180 நாள் கல்லூரி நடந்தால் 360 மணி நேரம். மூன்று வருடத்துக்கு 1,080 மணி நேரம். அதுவும் பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் வகுப்பு. ஆசிரியரின் காது உங்கள் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கும் நேரம் அதில் பத்தில் ஒரு பங்குதான்.

இப்போது வீட்டுக் கணக்கு. தினமும் 3 மணி நேரம் சாதகம் செய்தால், மூன்று வருடத்தில் 3,285 மணி நேரம். கல்லூரி நேரத்தைப் போல மூன்று மடங்கு!

கல்லூரி கொடுப்பது வழி. நடப்பது வீட்டில்தான். இன்ஜினீயரிங் படிப்பில் கடைசி வாரம் கண் விழித்துப் பாஸ் ஆகிவிடலாம். விரலுக்கும் தொண்டைக்கும் அந்த ஏற்பாடு சரிவராது. பரீட்சைக்கு முந்தைய ராத்திரி மூன்றாம் காலம் வாசித்துப் பழகியவர் யாரும் இல்லை.

அதனால்தான், 18 வயதுக்கு முன்பே தொடங்குவது நல்லது என்கிறார்கள். அதற்கும் நம் ஊரில் வழி இருக்கிறது. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் 17 இருக்கின்றன. 12 வயதிலிருந்து 25 வயது வரை சேரலாம். மூன்று வருடப் படிப்பு. குரலிசை, பரதநாட்டியம், வயலின், மிருதங்கத்துக்கு ஏழாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். கட்டணம் குறைவு, மாதாமாதம் ஊக்கத்தொகையும் உண்டு. பல ஊர்களில் இப்படி ஒரு பள்ளி இருப்பதே பக்கத்துத் தெருக்காரர்களுக்குத் தெரியாது!

குரல் மெயின்: ஒரு கட்டையும் ஐந்து கட்டையும்

"பாட்டுதானே, கருவி வாங்கும் செலவு இல்லை" என்று நினைத்துதான் பலரும் வாய்ப்பாட்டு எடுக்கிறார்கள். செலவு இல்லை, சரி. ஆனால் இந்தக் கருவி ரிப்பேர் ஆனால் வேறு வாங்க முடியாது.

வாய்ப்பாட்டு வகுப்பின் முதல் சிக்கல் சுருதி. ஆண் குரல்கள் பொதுவாக ஒரு கட்டையை ஒட்டி நிற்கும். பெண் குரல்கள் ஐந்து கட்டையை ஒட்டி. ஆர்மோனியத்தில் பார்த்தால் ஒரு கட்டை என்பது சி, ஐந்து கட்டை என்பது ஜி. ஒரே அறையில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்து ஒரே சுருதியில் பாடச் சொன்னால், யாராவது ஒருவர் தொண்டை கஷ்டப்படும். நல்ல ஆசிரியர்கள் இதற்காகவே மாற்றி மாற்றிப் பாடவைப்பார்கள், அல்லது இரண்டு பேட்ச் ஆகப் பிரிப்பார்கள். உங்கள் பிள்ளை வகுப்பில் சேர்ந்த பிறகு அடிக்கடி தொண்டை கம்முகிறது என்றால், முதலில் விசாரிக்க வேண்டியது சுருதியைத்தான். மிளகுப் பாலெல்லாம் அப்புறம்.

பையன்களுக்கு இன்னொரு கட்டம் உண்டு. குரல் உடைவது. சின்ன வயதில் ஐந்து கட்டையில் கணீரென்று பாடி, பள்ளியில் பரிசு வாங்கிய பையன், 14 வயதில் திடீரெனத் தன் குரலே தனக்கு அந்நியமாகி நிற்பான். "குரல் போச்சு" என்று அப்போதே பாட்டை விட்டவர்கள் ஏராளம். குரல் போகவில்லை, இடம் மாறுகிறது. கீழ் சுருதிக்கு வந்து, மந்திர ஸ்தாயியில் பொறுமையாக அகார சாதகம் செய்தால் புதுக் குரல் நிலைப்படும். அந்த வருடங்களில் வீட்டில் யாரும் கேலி செய்யாமல் இருந்தாலே பாதி உதவி.

கருவி மெயின்: எது யாருக்கு?

வீணை: அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம். பலா மரத்தில் செய்யும் தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மெழுகில் பதித்த 24 மெட்டுகள், வாசிக்க நான்கு தந்திகள், தாளத்துக்கு மூன்று. மெட்டு நகர்ந்து ஸ்வரம் பிசகினால், மறுபடி மேளம் கட்டத் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டும். ஆரம்பத்தில் தந்தியை இழுத்து இழுத்து விரல் நுனியில் கோடு விழும், வலிக்கும். பிறகு காய்ப்பு காய்த்துவிடும். பஸ்ஸில் எடுத்துப் போக முடியாது என்பதால், கல்லூரியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

வயலின்: முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்து இது நம் வீட்டுக் கருவி. மேல்நாட்டில் நின்றுகொண்டு தாடையில் வைத்து வாசிப்பதை, நாம் சம்மணமிட்டு உட்கார்ந்து பாதத்தில் முட்டுக்கொடுத்து வாசிக்கிறோம். மெட்டுகள் கிடையாது. எனவே முதல் வருடம் வீட்டில் இருப்பவர்களுக்கும் சோதனைதான்! ஆனால் பக்கவாத்தியமாக வயலின் இல்லாத கச்சேரி அபூர்வம். அதனால் வாய்ப்பு அதிகம். பாடகர் எடுக்கும் எந்தப் பாட்டையும் பின்தொடர வேண்டும் என்பதால், தன் பாடம் மட்டுமல்ல, ஊரார் பாடமும் தெரிந்திருக்க வேண்டும்.

புல்லாங்குழல்: விலை குறைவு, பையில் போட்டுக்கொண்டு போகலாம். அதனாலேயே ஏமாந்துபோகிறவர்கள் உண்டு. மூச்சுதான் இங்கே முதலீடு. சுருதிக்கு ஒரு குழல் வேண்டும் என்பதால், போகப் போக ஒன்று பத்தாகும்.

மிருதங்கம்: வலந்தலையில் கருப்பு வட்டம், தொப்பியில் ரவைப் பூச்சு. வார் பிடிப்பது, மூட்டு அடிப்பது எல்லாம் தொடர்ந்து வரும் செலவுகள். சொற்கட்டுகளை வாயால் சொல்லித்தான் முதலில் கற்க வேண்டும். கணக்கில் ஆர்வம் உள்ள பிள்ளைக்குத் தீர்மானமும் கோர்வையும் புதிர் விளையாட்டுபோல இழுத்துக்கொள்ளும். மிருதங்கம் மெயின் படிப்பவருக்குப் பாட்டு தெரியாவிட்டால், கச்சேரியில் பாடகர் எங்கே மூச்சு விடுகிறார் என்பதே தெரியாது.

நாதஸ்வரம், தவில்: நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று நாம் கேட்கும் நீளமான பாரி நாதஸ்வரத்தைப் பிரபலமாக்கியவர் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. சீவாளியை உதட்டில் அடக்கவே மாதங்கள் ஆகும். தவிலுக்கு வலது கை விரல்களில் கூடு மாட்ட வேண்டும், இடது கையில் கழி. இரண்டும் திறந்தவெளிக்கான வாத்தியங்கள். அபார்ட்மென்ட்டில் சாதகம் செய்தால் அசோசியேஷனிலிருந்து ஆள் வருவார்! மொட்டை மாடி, கோயில் மண்டபம், ஆற்றங்கரை என்று இடம் தேட வேண்டும். ஆனால், பரம்பரைக் குடும்பங்களின் பிள்ளைகள் வேறு வேலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், இந்த இரண்டு கருவிகளுக்கும் புது மாணவர்கள் வந்தே ஆக வேண்டும். 2020-ல் பத்மஸ்ரீ பெற்ற காலீஷாபி மகபூப், ஷேக் மகபூப் சுபானி தம்பதி நாதஸ்வரக் கலைஞர்கள்தான். இந்த வாத்தியத்துக்கு ஆண், பெண் என்றோ மதம் என்றோ எதுவும் தெரியாது.

எந்தக் கருவியை எடுத்தாலும் ஒன்று பொது. பாடத் தெரிந்திருக்க வேண்டும். மேடையில் அல்ல, தனக்குத்தானே. வாயில் வராத சங்கதி விரலில் வராது.

நோட்டில் இல்லாத பாடம்

சிலபஸ் முழுக்க முடித்து, 85 மார்க் வாங்கிய மாணவர் ஒருவர் மேடையில் பத்து நிமிடம் ராகம் பாடத் திணறுகிறார் என்றால், காரணம் என்ன?

தோடி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் காந்தாரத்துக்கு "க" என்று ஓரெழுத்துதான் எழுதியிருக்கும். ஆனால் தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கவே நிற்காது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு அசைக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை எந்த நோட்டேஷனும் சொல்லாது. எதிரே உட்கார்ந்து ஒருவர் பாடிக் காட்டி, நீங்கள் தப்பாகப் பாடி, அவர் மறுபடி பாடிக் காட்டி... அப்படித்தான் வரும்.

அதற்கு அடுத்த படி மனோதர்மம். ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம், ராகம் தானம் பல்லவி எல்லாம் அந்தக் கணத்தில் உருவாக்க வேண்டியவை. மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய மலை. ஏழு கீர்த்தனையை ஒப்பிப்பது வேறு, ஒரே கீர்த்தனையின் ஒரு வரியை ஏழு விதமாக விரிப்பது வேறு.

இதற்குப் பல மாணவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி, இரண்டு கால்களில் நிற்பது. காலையில் கல்லூரி, மாலையில் அல்லது வார இறுதியில் தனியாக ஒரு குரு. கல்லூரியில் வரலாறு, இலக்கணம், நண்பர்கள், சேர்ந்து வாசிக்கும் பழக்கம். குருவிடம் நேருக்கு நேர் திருத்தம். கல்லூரி ஆசிரியர்களிலேயே வகுப்பு முடிந்தும் அரை மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் அமைந்தால், அந்தப் பிள்ளைக்குக் குருகுலம் கல்லூரிக்குள்ளேயே கிடைத்துவிட்டது.

செல்போனும் இதில் ஒரு குருதான். தம்புரா ஆப், யூடியூபில் பழைய கச்சேரிகள், வகுப்பை ரெக்கார்ட் செய்து கேட்கும் வசதி எல்லாம் முதல் தலைமுறை மாணவருக்குக் கிடைத்த வரம். வித்வான் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலேயே கிடைத்ததை, இயர்போனில் கொஞ்சமாவது ஈடுகட்டலாம். ஒரே ஓர் எச்சரிக்கை... போனுக்குப் பாடத் தெரியும். நீங்கள் தப்பாகப் பாடினால் திருத்தத் தெரியாது.

சரி... வேலை?

இந்தக் கேள்விக்குச் சர்க்கரை தடவாமல் பதில் சொல்ல வேண்டும். மெயின் படித்த எல்லோரும் டிசம்பர் சீசனில் மேடை ஏறப்போவதில்லை. பட்டம் என்பது கச்சேரிக்கான டிக்கெட் அல்ல. ஆனால் கதவுகள் மேடைப் பக்கம் மட்டும் இல்லை.

ஆசிரியர் பணி: அரசுப் பள்ளிகளில் இசை ஆசிரியர் பணியிடங்களுக்கான அறிவிப்பு எப்போதாவதுதான் வரும். வரும்போது சரியான சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இசை ஆசிரியர் பயிற்சி என்று தனியாக ஒரு வருடப் படிப்பும் உண்டு. சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் இசை ஆசிரியர்களுக்குத் தேவை இருக்கிறது. சம்பளம் பள்ளிக்குப் பள்ளி மாறும்.

கல்லூரிப் பணி: முதுகலை முடித்து யு.ஜி.சி. நெட் எழுதலாம். நெட் தேர்வில் இசையும் ஒரு பாடம். பிஎச்.டி வரை போகலாம்.

கோயில் பணி: இந்து சமய அறநிலையத்துறைக் கோயில்களில் ஓதுவார், நாதஸ்வரம், தவில் பணியிடங்கள் உள்ளன.

வானொலி: அகில இந்திய வானொலியில் ஆடிஷன் தேறினால் பி, பி ஹை, ஏ, ஏ டாப் என்று கிரேடு கிடைக்கும். இது மாதச் சம்பளம் அல்ல. ஆனால், கிரேடு ஆர்ட்டிஸ்ட் என்ற அடையாளத்துக்கு இசை உலகில் தனி மதிப்பு உண்டு.

தனி வகுப்புகள்: இன்றைக்குப் பல இளம் கலைஞர்களின் வீட்டு வாடகையைக் கட்டுவது இதுதான். ஆன்லைனில் அதிகாலையிலேயே அமெரிக்கப் பிள்ளைகளுக்கு சரளி வரிசை தொடங்கிவிடுகிறது.

இவை தவிர சினிமா ரெக்கார்டிங், நடனக் கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம், கல்யாண மேளம் என்று சேர்த்து வாழ்பவர்கள்தான் அதிகம். ஒரே இடத்திலிருந்து மாதச் சம்பளம் வரும் வாழ்க்கையை எதிர்பார்க்கும் குடும்பம் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

படிக்கும் காலத்துக்கு உதவித்தொகையும் உண்டு. மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயதுள்ள இளம் கலைஞர்களுக்கு, இரண்டு வருடங்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை நடத்துகிறது. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு சி.சி.ஆர்.டி. அமைப்பின் கலைத்திறன் உதவித்தொகை இருக்கிறது. அறிவிப்பு தேதிகளைத் தவறவிடாமல் இருந்தால் போதும்.

சேரும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. மெயின் பாடத்தை எடுக்கும் ஆசிரியர் யார்? நிரந்தரமா, தற்காலிகமா? பாதி வருடத்தில் ஆசிரியர் மாறினால் பாடாந்தரமே மாறிவிடும்.

2. ஒரு வகுப்பில் எத்தனை பேர்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மெயின்?

3. முடிவில் கிடைப்பது பட்டமா, பட்டயமா? எந்தப் பல்கலைக்கழகம்?

4. கல்லூரி நேரம் முடிந்த பிறகு சாதகம் செய்ய அறை கிடைக்குமா? கருவி இல்லாதவர்களுக்குக் கல்லூரிக் கருவி உண்டா?

5. வெளியூர்ப் பிள்ளை என்றால், ஹாஸ்டலில் சாதகம் செய்ய அனுமதி உண்டா? பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது.

6. மாணவர்கள் மேடையேறும் வாய்ப்பு வருடத்துக்கு எத்தனை முறை?

7. கடைசிக் கேள்வி கல்லூரிக்கு அல்ல, பிள்ளைக்கு. "யாரும் கேட்காவிட்டாலும், கைதட்டாவிட்டாலும், தினமும் மூன்று மணி நேரம் இதோடு உட்கார உனக்குப் பிடிக்குமா?"

இந்த ஏழாவது கேள்விக்கு யோசிக்காமல் "ம்" என்று தலையாட்டும் பிள்ளைதான் மெயினுக்கான பிள்ளை. தயங்கும் பிள்ளையிடம் எந்தக் குறையும் இல்லை. வேறு ஒரு டிகிரி படித்துக்கொண்டே மாலை நேரத்தில் இசை படிக்கலாம். மாலை நேரக் கல்லூரிகள், பகுதி நேரப் படிப்புகள் இருக்கின்றன. இசைக்கும் ரசிகர்கள் வேண்டுமே!

தலையாட்டிய பிள்ளைக்கு வீடு செய்ய வேண்டியது மூன்றே மூன்றுதான். காலை ஐந்து மணிக்கு அறைக் கதவைத் தட்டிக் கூப்பிடாதீர்கள், பிள்ளை சாதகத்தில் இருக்கலாம். சொந்தக்காரர்கள் வந்ததும் "ஒரு பாட்டு பாடு" என்று இழுத்து வந்து நிறுத்தாதீர்கள். கல்லூரியில் பாடம் எப்படிப் போகிறது என்று கேட்பதற்குப் பதிலாக, வாரத்தில் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் கேளுங்கள்.

ஒரு காலத்தில் இசைக்குள் நுழைய யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல வேண்டியிருந்தது. இன்று அது தேவையில்லை. ஆனால், அதே பிள்ளை நிலைத்து நிற்பதற்கு, சாதகத்துக்கு இடம் கொடுக்கும் ஒரு வீடு இன்றும் தேவைப்படுகிறது. அந்த வீடு வித்வான் வீடாக இருக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் வீடாகவும் இருக்கலாம்!